பீரோவில் கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமரா: எடுத்து ஓட்டும் முறை

கொங்கு நாட்டில் வீட்டுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். 2002, 2003 வாக்கில் அமெரிக்காவிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமன் கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் கேமரா. இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு ஊட்டிப் பயணம் பார்த்திருக்கும். பிறகு செல்போன் வந்தது. கேமரா பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் போனது. இப்போது காலேஜ் பிள்ளைகள் அதைத் தேடி எடுக்கிறார்கள். வீட்டில் கிடைக்காதவர்கள் கோவை உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலும் ஆன்லைனிலும் வாங்குகிறார்கள்.

இந்தக் கேமராக்களில் தகராறு மெகாபிக்சலில் வருவதில்லை. செல்லில், அதாவது பேட்டரியில் வரும், படம் பதியும் கார்டில் வரும், எடுத்த படத்தை வெளியே கொண்டுவருவதில் வரும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் 2 மெகாபிக்சல் கேமராவே போதும். ஒன்று கெட்டிருந்தாலும், எவ்வளவு பேர் பெற்ற மாடலும் மேசைமேல் வைக்கிற பொம்மைதான்.

எதை எடுப்பது

1995இல் வந்த கேசியோ கியூவி-10 படம் எடுத்தவுடன் பின்னால் திரையில் பார்க்கலாம் என்ற பழக்கத்தை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. படம் 320×240 புள்ளிதான். கார்டு கிடையாது, 96 படம் உள்நினைவிலேயே நிற்கும், வெளியே எடுக்கத் தனிக் கேபிள் வேண்டும். 1997இல் வந்த சோனி மேவிகா எஃப்.டி.5, எஃப்.டி.7 இரண்டும் ஃப்ளாப்பியில் பதியும், 640×480. அதே ஆண்டின் கோடக் டிசி210 மாடலில் 1152×864. 1999இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950, 1600×1200. உடம்பையே நடுவில் முறுக்கி லென்ஸைத் திருப்பலாம், கிட்டத்தில் பூச்சி, பூ எடுக்க இன்றைக்கும் நன்றாக இருக்கும். 2003இன் கேனன் பவர்ஷாட் ஏ60, ஏ70, 2005இன் ஏ510, ஏ520 இவையெல்லாம் நம் ஊர் வீடுகளில் கிடைக்கிற வகை.

சேகரிப்புக்கு என்றால் மனசுக்குப் பிடித்ததை வாங்கலாம். கையில் வைத்து ஓட்டத்தான் என்றால் 2001 முதல் 2005க்குள் வந்ததாக, சுவர்க் கடிகாரத்தில் போடுகிற டபுள் ஏ செல் போடுவதாக, காம்பாக்ட் ஃப்ளாஷ் அல்லது எஸ்.டி. கார்டு ஏற்பதாகப் பாருங்கள். தனி வடிவ லித்தியம் பேட்டரி போடும் ஒல்லி கேமரா பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இருபது வருடப் பேட்டரி செத்திருக்கும் அல்லது உப்பியிருக்கும். உப்பியதைச் சார்ஜரில் மாட்டவே கூடாது. புதுசு கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே கேமராவுக்குக் காசைக் கொடுங்கள்.

இதில் மேவிகா மட்டும் விதிவிலக்கு. அதன் பேட்டரியான என்.பி.-எஃப்550 குடும்பம் இன்றும் வீடியோ எல்.இ.டி. விளக்குகளுக்காகத் தயாராகிறது, கல்யாண வீடியோ எடுக்கிற யாரிடம் கேட்டாலும் பையில் நாலைந்து வைத்திருப்பார்கள். உள்ளே சிப் இல்லாத மலிவுப் பேட்டரியைச் சில மேவிகா மாடல்கள் ஏற்காது. அதனால் கேமராவில் போட்டுப் பார்த்து வாங்கவும்.

கடையில் பார்க்க வேண்டியது

சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, கேமராவுக்கு முதலில் பேட்டரி அறையைத் திறந்து பார்க்க வேண்டும். போகும்போதே சார்ஜ் ஏற்றிய நாலு செல், ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு, ஒரு 1 ஜிபி எஸ்.டி. கார்டு பையில் இருக்கட்டும். "ஏனுங்ணா, செல்லுப் போட்டு ஒரு படம் எடுத்துப் பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.

அறைக்குள் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொருக்கு லேசாக இருந்தால் துடைத்துச் சரிசெய்யலாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஸ்பிரிங் பச்சை பூத்து அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கசிவு ஒயர் வழியாக உள்ளே சர்க்யூட் போர்டு வரை போயிருக்கும். மூடியின் கொக்கியை நன்றாகப் பாருங்கள். டபுள் ஏ கேமராக்களில் செல்கள் உள்ளிருந்து அந்த மூடியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பிளாஸ்டிக் கொக்கி முறிவது வாடிக்கை. ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் மூடியிலேயே செல்லின் தொடுதகடு இருந்தால் அது நிலைக்காது.

ஆன் செய்து லென்ஸை மூன்று முறை வெளியே விட்டு உள்ளே இழுங்கள். சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். கரகரவென்றால் மணல் போயிருக்கிறது. பழைய கேனனில் லென்ஸ் பாதியில் நின்று திரையில் "இ18" என்று வந்தால் லென்ஸ் நகரவில்லை என்று பொருள்; கீழே விழுந்ததோ தூசி அடைத்ததோ காரணமாக இருக்கும். அதைத் தட்டிச் சரிசெய்கிற வித்தைகளை நம்பி வாங்காதீர்கள்.

பிறகு வெயிலில் ஒரு படம், கடைக்குள் ஒரு படம், ஃப்ளாஷ் போட்டு ஒரு படம். மெனு எழுத்து தெளிவாகத் தெரிந்து, படம் மட்டும் ஊதா நிறத்தில் கோடுகோடாகவோ முழுக்கக் கறுப்பாகவோ வந்தால், படம் பிடிக்கும் சிப்பான சென்சார் போய்விட்டது. 2002 கடைசியிலிருந்து 2004 தொடக்கம் வரை சோனி தயாரித்த சி.சி.டி. வகைச் சென்சார்களில் ஒரு பகுதியில், சூட்டிலும் ஈரப்பதத்திலும் உள்ளே இருக்கிற மெல்லிய இணைப்புக் கம்பி விட்டுப்போகும் குறை இருந்தது. அந்தச் சென்சாரைப் பல நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தியிருந்ததால், 2005இல் வரிசையாக இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தார்கள். கேனன் ஏ60, ஏ70 அந்தப் பட்டியலில் உண்டு. அந்தச் சலுகையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. நம் ஊர்ச் சித்திரை வெயில் பார்த்த கேமராவில் இது வரக்கூடியதுதான். முழுக்க வெளிப்படுமுன் விட்டுவிட்டு வரும் என்பதால் பத்துப் படமாவது எடுத்துப் பாருங்கள்.

ஒன்று கண்டிப்பு. பழுது பார்க்கிறேன் என்று நீங்களே திருகு கழற்றாதீர்கள். ஃப்ளாஷுக்கு மின்சாரம் சேமித்து வைக்கும் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும். செல்லைக் கழற்றி நாள் கணக்கான பிறகும் அடிக்கும்.

செல்

இந்தக் கேமராக்களின் பாதி உயிர் இதில்தான் இருக்கிறது. "கேமரா கெட்டுப்போச்சுங்க, போட்டதும் அணைஞ்சு போகுது" என்று கடைக்கு வருவதில் பெரும்பாலானது செல் கோளாறு.

ரிமோட்டுக்குப் போடும் மலிவான துத்தநாகக் கார்பன் செல் இதற்கு ஆகவே ஆகாது. திரை எரிந்து லென்ஸ் நகரும் நேரத்தில் கேமரா அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை கேட்கும். அந்தச் செல்லின் உள்தடை அதிகம். கேட்ட மாத்திரத்தில் வோல்டேஜ் சரிந்து கேமரா அணையும். அதே செல்லைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டால் ஒரு வருடம் ஓடும். அதனால் "செல்லு புதுசுதானுங்க" என்பதற்கு இங்கே மதிப்பில்லை. அல்கலைன் செல் ஓடும், ஆனால் சீக்கிரம் தீரும். ஊருக்குப் போன இடத்தில் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் செல், 1900 முதல் 2500 எம்.ஏ.எச். (செல்லின் கொள்ளளவு, மில்லி ஆம்பியர்-மணி) வரை. இதன் வோல்டேஜ் 1.2தான், அல்கலைனின் 1.5 அல்ல, ஆனாலும் உள்தடை குறைவு என்பதால் கடைசிவரை தளராமல் கொடுக்கும். 2005 கடைசியில் எனலூப் என்ற பிராண்டு செல் வந்த பிறகு, சும்மா இருந்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காத வகை கிடைக்கிறது. அதையே வாங்குங்கள். பழைய வகை ஒரு மாதம் அலமாரியில் இருந்தாலே தளர்ந்துவிடும். செல்லில் 2800, 3000 எம்.ஏ.எச். என்று அச்சடித்து மலிவாக வருவதை எடைபோட்டுப் பாருங்கள். நல்ல டபுள் ஏ செல் 26 முதல் 31 கிராம் வரை இருக்கும், 18 கிராம் செல்லுக்குள் அவ்வளவு சரக்கு இருக்க வழியில்லை.

நாலு செல்லையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே பேனாவில் அடையாளம் போட்டு, ஒன்றாகவே சார்ஜ் ஏற்றி, ஒன்றாகவே பயன்படுத்துங்கள். நாலில் ஒன்று சோடையானால் மற்ற மூன்றும் சேர்ந்து அதைத் தலைகீழாகச் சார்ஜ் ஏற்றிக் கெடுக்கும். சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து நிறுத்துகிற வகையாக இருக்கட்டும். இரண்டிரண்டாக மட்டும் ஏற்றும் பழைய சார்ஜர்தான் இருக்கிறது என்றால் அதில் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியரைப் பாருங்கள்: 200 எம்.ஏ. சார்ஜரில் 2000 எம்.ஏ.எச். செல்லுக்கு 14 முதல் 16 மணி நேரம். ராத்திரி போட்டால் மறுநாள் மத்தியானம் கழற்ற வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால், சார்ஜ் ஏற்றி ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு 1.35 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

டபுள் ஏ அளவிலேயே வரும் 14500 என்ற 3.7 வோல்ட் லித்தியம் செல்லைத் தவறியும் போடாதீர்கள். உருவம் ஒன்றுதான், நாலு போட்டால் 15 வோல்ட் தாண்டும். கேமரா அன்றோடு முடிந்தது.

செல் நல்லது, சார்ஜும் இருக்கிறது, ஆனாலும் பேட்டரி தீர்ந்தது என்று காட்டுகிறதா? தொடுதகடுகளைப் பாருங்கள். கணக்கு எளிது. நாலு செல்லுக்கு எட்டு முனை. முனைக்கு 0.1 ஓம் தடை இருந்து ஒரு ஆம்பியர் ஓடினால் முனைக்கு 0.1 வோல்ட், மொத்தம் 0.8 வோல்ட் வழியிலேயே போகிறது. 4.8 வோல்ட்டில் 4 வோல்ட்தான் கேமராவுக்குச் சேர்கிறது. அது உடனே "தீர்ந்தது" என்று அணைகிறது. கண்ணுக்குத் தெரியாத படலம் போதும் இதற்கு.

துடைக்கும் முறை: வெள்ளைப் பொருக்கு அல்கலைன் கசிவு என்றால் அது காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ காது துடைக்கும் பட்ஸில் நனைத்து, ஒருமுறை பிழிந்துவிட்டு, சொட்டாமல் வைத்துத் தொடுங்கள். மெல்லிய நுரை எழும்பும். நுரை நின்றதும் வேறு பட்ஸில் அதையே ஒற்றி எடுங்கள். கேமராவைத் தலைகீழாகப் பிடித்துச் செய்தால் ஈரம் உள்ளே இறங்காது. பிறகு மொபைல் சர்வீஸ் கடையில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு முறை துடையுங்கள், இல்லாவிட்டால் எலுமிச்சையின் புளிப்பு அதே தகட்டை அரிக்கும். காய்ந்த பிறகு பென்சில் அழிக்கும் ரப்பரின் முனையை வெட்டி, தகடு பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். ரப்பர்த் தூளை ஊதி வெளியேற்றுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேலே பூசிய நிக்கல் போய்விட்டால் உள்ளே இருக்கும் இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருவேறும். செல்லின் இரண்டு முனைகளையும் அதே ரப்பரால் தேய்ப்பது வாரம் ஒருமுறை போதும்.

கேமராவை ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வையுங்கள். கழற்றினால் தேதி போகிறதே என்பார்கள். உள்ளே தேதிக்கென்று ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது. சில மாடல்களில் பட்டன் செல், ஓரத்தில் சின்னத் தட்டில் வைத்து மாற்றலாம். மற்றவற்றில் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அது பெரிய செல்லிலிருந்து தானே சார்ஜ் ஏறிக்கொள்ளும். நல்ல செல் போட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் தேதி நிற்கவில்லை என்றால், எடுக்கப் போகும்போதெல்லாம் தேதி வைத்துவிட்டு எடுங்கள். வைக்காமல் எடுத்த படங்கள் கணினியில் ஏதோ ஒரு பழைய தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கார்டு

எஸ்.டி. கேமராவுக்கு விதி ஒன்றுதான்: 2 ஜிபி அல்லது அதற்குக் கீழே. 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. கார்டு, அதாவது 4 ஜிபியும் மேலும், அதற்கு முந்தைய கேமராவுக்குப் புரியாது. 8 ஜிபி கார்டைக் கணினியில் 2 ஜிபியாகப் பிரித்துப் போட்டால் ஓடும் என்று சொல்வார்கள், ஓடாது. கொள்ளளவு மட்டுமல்ல, கார்டோடு பேசும் முறையே மாறிவிட்டது. இப்போது கடையில் 2 ஜிபி புதுசு கிடைப்பது அரிது. பழைய பட்டன் போனில் போட்ட 1 ஜிபி, 2 ஜிபி மைக்ரோ எஸ்.டி. கார்டை அடாப்டரில் செருகினால் நன்றாக ஓடும். மொபைல் கடை டப்பாவில் இப்படி ஒரு பிடி கிடக்கும்.

காம்பாக்ட் ஃப்ளாஷ் தடிமனான கார்டு, அதைச் செருகும் இடத்தில் கேமராவுக்குள் 50 ஊசி. நேராகச் செருக வேண்டும். கோணலாக அழுத்தினால் கேமராவுக்குள் ஊசி வளைந்து, கார்டு போனதா கேமரா போனதா என்று தெரியாமல் அலையவிடும். இதிலும் 2 ஜிபிக்குள் நிற்பது நல்லது. எஸ்.டி.யைக் காம்பாக்ட் ஃப்ளாஷாக மாற்றும் அடாப்டர் சில கேமராவில் ஓடும், சிலவற்றில் ஓடாது.

பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராவில் ஸ்மார்ட்மீடியா இருக்கும். தாள்போல ஒல்லி, அதிகபட்சம் 128 எம்பி. 3.3 வோல்ட், 5 வோல்ட் என இரண்டு வகை உண்டு, மூலை வெட்டு எந்தப் பக்கம் என்பதை வைத்துப் பிரிக்கலாம். இதைக் கணினியில் ஃபார்மட் செய்தால் கேமரா அதற்கப்புறம் அடையாளம் காணாமல் போகக்கூடும். கேமராவிலேயே செய்யுங்கள். 2002இல் அவர்கள் மாறிய எக்ஸ்.டி. கார்டும் கிடைப்பது கஷ்டம். கார்டும் ரீடரும் சேர்த்துத் தந்தால் மட்டும் இந்த வகைக் கேமரா வாங்குங்கள்.

பெரிய கார்டுக்கு அலைய வேண்டியதும் இல்லை. 3 மெகாபிக்சல் கேமராவில் நல்ல தரப் படம் ஒன்று 1 முதல் 1.6 எம்பி. 512 எம்பி கார்டில் முந்நூறுக்கு மேல் எடுக்கலாம், செல் அதற்கு முன்னால் தீரும்.

படத்தை வெளியே எடுப்பது

கேபிளை மறந்துவிட்டு ஒரு கார்டு ரீடர் வாங்குங்கள். காம்பாக்ட் ஃப்ளாஷும் எஸ்.டி.யும் சேர்ந்த ரீடரை டைப்-சி வழியாக நேரே போனில் மாட்டலாம். கார்டுக்குள் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் இருக்கும், அதற்குள் எண் போட்ட ஃபோல்டர், அதற்குள் படம். எல்லாவற்றையும் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று இரண்டு படம் பார்த்துவிட்டு, கார்டை கேமராவில் போட்டு அங்கே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் படத்துக்குப் பெயர் மாற்றி அதே கார்டில் விட்டால் கேமராத் திரையில் அது தெரியாது. படம் போய்விட்டது என்று பதற வேண்டாம், பெயர்தான் பிரச்சினை.

கேபிள்தான் கதி என்றால், 2003 வாக்கில் வந்த கேமராக்கள் பி.டி.பி. என்ற பொது முறையில் பேசும். விண்டோஸ் தானே அடையாளம் காணும். அதற்கு முந்தையவை அந்தந்த நிறுவன மென்பொருளைக் கேட்கும், அந்த சி.டி. இன்றைய விண்டோஸில் ஏறாது. லினக்ஸில் ஜிஃபோட்டோ2 என்ற இலவச மென்பொருள் பழைய மாடல்கள் பலவற்றைப் புரிந்துகொள்ளும். 90களின் சீரியல் கேபிள் வகை இன்னும் மெதுவானது. அதன் உச்ச வேகமான நொடிக்கு 1,15,200 பிட் என்பது ஏறக்குறைய 11 கேபி. 300 கேபி படம் ஒன்றுக்கு அரை நிமிடம், இருபது படத்துக்குப் பத்து நிமிடம். இடையில் செல் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. அடாப்டர் இருந்தால் மாட்டிக்கொண்டு இறக்குங்கள்.

மேவிகாக்காரர்களுக்கு யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் வேண்டும். ஃப்ளாப்பி ஒன்று 1.44 எம்பி, நல்ல தரத்தில் 15 முதல் 20 படம். போடும் முன் உலோக மூடியை விலக்கி உள்ளே பழுப்புத் தட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி இருந்தால் பூஞ்சை. அதைப் போட்டால் கேமராவின் ஹெட்டும் அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல டிஸ்கும் கெடும். எழுதும் விளக்கு எரியும்போது டிஸ்கை எடுக்காதீர்கள். சவுண்ட் சர்வீஸ் பெட்டிமேல் வைக்காதீர்கள், ஸ்பீக்கர் காந்தம் துடைத்துவிடும்.

வாட்ஸாப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். இருக்கிற 2 மெகாபிக்சலையும் அது கசக்கிவிடக் கூடாது.

எடுக்கும்போது

டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணையுங்கள். தரம் உச்சத்தில், அளவு பெரியதில். ஐ.எஸ்.ஓ., அதாவது வெளிச்சத்தை உணரும் திறனுக்கான எண், 50, 100 இவற்றோடு நில்லுங்கள். 400இல் இந்தச் சென்சார்கள் படத்தில் வண்ண மணலைத் தூவிவிடும். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, பச்சை விளக்கு நின்ற பிறகு மீதியை அழுத்துங்கள். நேரே அழுத்தினால் ஃபோகஸ் தேட ஒரு நொடி போகும், ஓடுகிற குதிரை ஃப்ரேமைத் தாண்டிவிடும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை எடுக்கிறவர்கள், அது வரப்போகிற இடத்துத் தரையில் முன்னாலேயே பாதி அழுத்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். மத்தியான வெயிலில் பின்திரை தெரியாது. கண் வைத்துப் பார்க்கும் துளையில் பாருங்கள், செல்லும் மிச்சம். ஆனால் அந்தத் துளை லென்ஸுக்கு மேலே ஓரமாக இருப்பதால், கிட்டத்தில் எடுக்கும்போது திரையைத்தான் நம்ப வேண்டும்.

வெளிச்சம்தான் இங்கே பெரிய பாடம். பழைய சி.சி.டி. சென்சாருக்கு வெளுப்புத் தாங்காது. வெளுத்த இடம் வெறும் வெள்ளை, பின்னால் எந்தச் செயலியிலும் மீட்க முடியாது. இருண்ட இடத்தைக் கொஞ்சம் தூக்கலாம். காங்கேயம் மாட்டை வைத்தே இதைப் பழகலாம். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சமாக ஆக்கப் பார்க்கும். மயிலைக் காளை ஃப்ரேம் முழுக்க நின்றால் வெள்ளையைச் சாம்பலாக்கி மங்க அடிக்கும், மெனுவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.3 அல்லது +0.7 ஏற்றுங்கள். அதே காளை கட்டுத்தரையின் நிழலுக்கு முன்னாலோ கிளுவை வேலிக்கு முன்னாலோ சின்னதாக நின்றால் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், காளை சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆகிவிடும். திமிலின் கருமை கழுத்தில் இறங்கும் அந்தச் சாயல் போய்விடும். இங்கே −0.7, சில நேரம் −1. காரி மாடு ஃப்ரேமை நிறைத்தால் கறுப்பு சாம்பலாகும், −0.7. காலை எட்டரைக்கு முன்னும் சாயங்காலம் ஐந்துக்குப் பின்னும் எடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் பாதி தேவைப்படாது.

ஈரோட்டு மஞ்சள் குவியல் இன்னொரு கண்ணி. வெயிலில் சிவப்பும் பச்சையும் எல்லை தொட்டுவிடும். விரலிகளின் விளிம்பு தெரியாமல் ஒரே மஞ்சள் துணி விரித்ததுபோல வரும். −0.7 வையுங்கள். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஃப்ரேம் முழுக்க மஞ்சள் என்றால் வெளிச்சமே மஞ்சள் என்று கேமரா நினைத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டும். சூரியன் படம் போட்ட அமைப்பில் நிறுத்துங்கள்.

விசைத்தறிக் கொட்டகையில் டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் அதைவிட வேகமாகப் போனால் ஒரு படம் பச்சையாக, அடுத்தது மங்கலாக, மாறி மாறி வரும். நொடியில் 50இல் ஒரு பங்கோ இன்னும் மெதுவாகவோ இருக்கட்டும். அந்த வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தால் கேமரா எப்படியும் ஷட்டரை அந்த வேகத்துக்குத்தான் இறக்கும். தூணில் கையை அணைத்துப் பிடியுங்கள். ஃப்ளாஷ் போட்டால் காற்றில் மிதக்கும் பஞ்சு ஒவ்வொன்றும் வெள்ளை உருண்டையாகப் படத்தில் தொங்கும். ஃப்ளாஷும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால் தவிர்க்க வழியில்லை.

ஃப்ளாஷ் எட்டுவது மூன்று மீட்டர் சுமார். ஜூம் செய்தால் லென்ஸ் வாங்கும் வெளிச்சமே குறைகிறது, எட்டும் தூரம் இன்னும் குறையும். கல்யாண மண்டபத்தில் இணைச்சீர்ச் சடங்கை எடுக்கும்போது ஜூம் இல்லாமல் கிட்டப் போங்கள். குண்டம் இறங்குவது (தீ மிதிப்பது) போன்ற இருட்டு நிகழ்ச்சியில் தூரத்திலிருந்து ஃப்ளாஷ் அடித்து முன்னால் நிற்பவரின் பின்னந்தலையைத்தான் எடுக்க முடியும். அணைத்துவிட்டு, கேமராவைத் திட்டில் வைத்து, செல்ஃப் டைமரில் விடுங்கள், கை ஆட்டம் இருக்காது. வெயிலில் காருக்குள் கிடந்த கேமராவை உடனே எடுத்து இரவுப் படம் எடுக்காதீர்கள். சென்சார் சூடாக இருந்தால் நீண்ட எக்ஸ்போஷரில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி கிளம்பும், ஆறவிடுங்கள்.

தூசியும் ஈரமும்

கொங்கில் பாதி ஊருக்குத் தூசி, மலையோரத்துக்கு ஈரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் தாராபுரம், பல்லடம், உடுமலை பக்கம் லென்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். நீளும் குழல் நுண்மணலை உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கும். இ18 பிறப்பது அங்கேதான். எடுத்ததும் அணைத்து உறையில் போடுங்கள். ரப்பர் குமிழ் ஊதியால் மட்டும் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில். மில்லில் பஞ்சு அடிக்கும் கம்ப்ரசர் குழாயைக் காட்டவே கூடாது, அதில் ஈரமும் எண்ணெயும் வரும், அழுத்தமும் தாங்காது.

ஊட்டியிலோ வால்பாறையிலோ குளிர்ந்த கேமராவை மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி வந்து இறங்கியதும் திறந்தால் லென்ஸுக்குள் ஆவி கட்டும். மேலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, கீழே வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். வால்பாறைக்காரர்கள் மழைக்காலத்தில் வெறும் பீரோவை நம்பக் கூடாது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் லென்ஸில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, 50 கிராம் சிலிக்கா ஜெல். நீல ஜெல் வெளிர்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது. சமையலுக்கு வைக்காத பழைய வாணலியில் சிறு தீயில் நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறியபின் போடுங்கள். நீல நிறத்துக்குச் சேர்ப்பது கோபால்ட், சமையல் பாத்திரம் கூடாது. அரிசிப் பானை யோசனை வேண்டாம், மாவுதான் உள்ளே போகும்.

பிரிண்ட்

4×6 பிரிண்டுக்கு 1800×1200 இருந்தால் நிறைவு, 1600×1200 படம் தாராளமாக வரும். 640×480 மேவிகா படத்தை 3 அங்குலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இன்னொரு விஷயத்தை லேப்காரர் சொல்லமாட்டார்: இந்தக் கேமராக்களின் படம் 4:3, தாள் 3:2. தானாகப் பொருத்தினால் உயரத்தில் 11 சதவீதம் வெட்டுப்படும், குடும்பப் படத்தில் அப்புச்சியின் தலைப்பாகையோ முன்வரிசைக் குழந்தைகளின் காலோ போய்விடும். எடுக்கும்போதே மேலும் கீழும் இடம் விடுங்கள். விட்டுப்போன பழைய படம் என்றால், "வெட்டாம, ரெண்டு பக்கமும் வெள்ளை விட்டு அடிச்சுக் குடுங்ணா" என்று சொல்லிக் கொடுங்கள்.